வெளிச்சுவரில் நான் ஒட்டிய பட்டியல்

அந்தப் பட்டியலை எழுதியது என் கை. கோதுமை மாவில் பசை காய்ச்சி அதை வெளிச்சுவரில் ஒட்டியதும் என் கைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் போகப்போகப் பழியில் கொஞ்சத்தை வேறு யார் தலையிலாவது இறக்கி வைத்துவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும். கோபம் மூக்கு நுனியில் நிற்கும், குற்றம் எப்போதும் அடுத்த வீட்டில் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கொழுந்து பறிக்கவும் போகாமல், படித்த வேலையும் கிடைக்காமல் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நானுஓயா ரயில் ஸ்டேஷனுக்குக் கீழே, ஒரு தையல் கடையின் பின்பக்க அறையில் எனக்கு எழுதுகிற வேலை கிடைத்தது. வேலைக்கு வைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். காணி உறுதிகளை, அதாவது நிலப் பத்திரங்களை, பதிவு செய்கிற அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் திரும்பிப் போகாமல் மலையிலேயே தங்கிவிட்டார். எல்லோரும் அவரை 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் ஆட்கள் முதன்முதலாகச் சொந்தக் காணி வாங்க ஆரம்பித்திருந்தார்கள். தோட்டத்துக் காணி இல்லை, அது கம்பனியுடையது. ரோட்டோரத்தில், பள்ளத்தில், தண்ணீர் வராத மேட்டில் என்று யாராவது துண்டு துண்டாக விற்பார்கள். வேலையிலிருந்து நிற்கும்போது கைக்கு வந்த காசிலும், வீட்டுப் பெண்கள் குவைத்திலும் லெபனானிலும் பாத்திரம் கழுவி அனுப்பிய காசிலும் அதை வாங்குவார்கள். வாங்கிய உறுதியைத் தகரப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். பெட்டியைத் தொடாமலே காணியைத் திருடலாம் என்பது யாருக்கும் தெரியாது. காணிக்காரி வெளிநாட்டில் இருப்பாள். வேறொருத்தி அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு, அவள் அடையாள அட்டை நம்பரைச் சொல்லிக்கொண்டு, எங்கோ உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசு முன்னால் உட்கார்ந்து விற்றுவிட்டுப் போய்விடுவாள். காணிக்காரி திரும்பி வந்து பார்த்தால் அங்கே யாரோ அத்திவாரம் வெட்டிக்கொண்டிருப்பான்.

இதற்கு ஒரு காவல் வைக்க வேண்டும் என்று சேர் நினைத்தார். முறை சுலபமானது. சேர விரும்புகிறவர்கள் உறுதியின் பிரதியையும், அடையாள அட்டை நம்பரையும், ஏதாவது நடந்தால் யாருக்குத் தகவல் சொல்வது என்பதையும் எங்களிடம் கொடுக்க வேண்டும். சேர் வாரத்துக்கு ஒரு நாள் வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போய், அந்தக் காணிகளின் பேரில் புதிதாக ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பதிவாகியிருந்தால் அன்றைக்கே ஆளுக்குச் செய்தி போகும்.

"கள்ளன் வந்திட்டுப் போனாப்பிறகு குலைக்கிற நாய்தான் இது, பிள்ளை. ஆனா அண்டைக்கே குலைக்கும்" என்று சேர் சொல்வார்.

சேருக்கு ஒரு விதி இருந்தது. ஆட்கள் கொடுத்த விபரமெல்லாம் ஒரே ஒரு பெரிய கொப்பியில் இருக்கும், கொப்பி இரும்பு அலுமாரிக்குள் இருக்கும், சாவி சேரின் இடுப்பில் இருக்கும். பகலில் நான் எழுதி முடித்ததும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். எனக்கு அது அலட்டலாகத்தான் தெரிந்தது. தோட்டத்துச் சனங்களின் பெயரும் நம்பரும் என்ன தங்கமா என்று வீட்டில் போய்க் கேலி செய்திருக்கிறேன்.

சேர்ந்தவர்களில் எங்கள் தோட்டத்து அக்கா ஒருத்தர் இருந்தார். எங்கள் லயத்துக்கு மேல் லயம். புருஷன் செத்த பிறகு மகளைத் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனவர். நாலு வருடச் சம்பாத்தியத்தில் இறம்பொடைப் பக்கம், ரோட்டுக்குக் கீழே பத்து பேர்ச் காணி, ஒரு சின்ன வீடு கட்டுகிற அளவு, வாங்கினார். இரண்டாவது தடவை குவைத்துக்குப் போவதற்கு முந்திய நாள் வந்து எங்களிடம் பதிந்தார். ஐந்தாம் வகுப்புப் படித்தவர். படிவத்தை என்னிடம் தராமல் தானே எழுத்துக் கூட்டி நிரப்பினார்.

"மக பெரிய மனுஷி ஆகுறதுக்குள்ள அந்தக் காணியில ஒரு அறையாச்சும் கட்டணும் தங்கச்சி" என்றார். "லயத்துக் காம்பராவுல அவள வச்சிருக்க மாட்டேன்."

இந்தக் கதையில் பறிபோக இருந்தது அந்தப் பத்து பேர்ச்தான். வேறு எதுவும் இல்லை.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்களுக்குப் பட்டியல் என்றால் உயிர். குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுப் பெயர் வந்திருக்கிறதா வந்திருக்கிறதா என்று வருடக்கணக்காக அலைந்த பரம்பரை. எந்தச் சுவரில் எந்தக் காகிதம் ஒட்டியிருந்தாலும் கிட்டப் போய் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுப்பார்கள். பெயர் இருந்தால்தான் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அலுமாரிக்குள் பூட்டிய கொப்பியில் உங்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கூட்டமாக வந்து நிற்பார்கள்.

"எங்க பேரு இருக்குதா, பாத்துச் சொல்லுங்க."

"இருக்கு."

"கண்ணால பாத்தீங்களா?"

வாராவாரம் இதே பாட்டு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சுவரில் ஒரு பட்டியல் ஒட்டிவிட்டால் வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று சேரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "பேர் மட்டும் போடும். வேறொண்டும் வேண்டாம்" என்றார். அந்தச் சமயத்தில் அவருக்குக் கண்ணில் ஒப்பரேஷன். கொழும்புக்குப் போய் இரண்டு மாதம் மகள் வீட்டில் தங்கிவிட்டார். பதிவுகளைப் பார்க்கிற வேலையை நுவரெலியாவில் அவருக்குத் தெரிந்த ஒருவர் செய்தார். அறைச் சாவியும் அலுமாரிச் சாவியும் என்னிடம் வந்தன.

நான் பெயர் மட்டும்தான் முதலில் போட்டேன். அதில் ஒரு கரைச்சல் வந்தது. எங்கள் தோட்டங்களில் ஒரே சாமி பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அப்பன் பெயரும் ஒன்றாகவே இருக்கும். "இது நானா, கீழ்ப் பிரிவுக்காரியா?" என்று ஒரு அம்மா கேட்டார். இன்னொருவர் தன் பெயர் இருந்தும் அது தானில்லை என்று சாதித்தார். தோட்டத்தில் இந்தக் குழப்பத்துக்கு வழி எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் கூலிப் பதிவேட்டில் ஒரு செக்ரோல் நம்பர் உண்டு. காலையில் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கொழுந்து நிறுக்கும்போது நாங்களே நம்பரைக் கத்திச் சொல்வோம். நம்பர் என்பது உரக்கச் சொல்வதற்கே உள்ளது. மெதுவாகச் சொன்னால் மேற்பார்க்கிற கண்டாக்கு ஏசுவார், பெயரும் விழாது, அன்றைய கூலியும் போகும்.

ஆகவே நானும் நம்பர் போட்டேன். புது பிரிஸ்டல் போர்ட் வாங்கி, கோடு கிழித்து, முத்து முத்தாக எழுதினேன். பெயர், அப்பன் பெயர், அடையாள அட்டை நம்பர், உறுதி நம்பர், காணி இருக்கும் இடம். கடைசியில் ஒரு கட்டம், செய்தி யாருக்கு அனுப்புவது என்று. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கட்டத்தில் 'வெளிநாடு, தாய்க்கு அறிவிக்கவும்' என்று எழுதினேன். கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஒட்டிய அந்தச் சனிக்கிழமை கூட்டம் ஆனந்தப்பட்டது. விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். அக்காவின் தாய் படிக்கத் தெரியாதவர். மகள் பெயர் எது என்று கேட்டு, அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். சேர் இரண்டு வருடமாகச் செய்யாததை நான் ஒரே நாளில் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ ஒருவர் வந்தார். சப்பாத்துப் போட்டவர், குடை வைத்திருந்தார், மரியாதையாகப் பேசினார். தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று ஆரம்பிக்கப் போவதாகவும், நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று பார்க்க வந்ததாகவும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. தையல் கடையிலிருந்து கதிரை வாங்கி வந்து சுவருக்குப் பக்கத்தில் கூரை இறவாணத்துக்குக் கீழே போட்டுக் கொடுத்தேன். பால் டீ கொடுத்தேன். அவருடைய பேனா எழுதவில்லை என்றதும் என் பேனாவைக் கொடுத்தேன். நின்று பார்க்கவும் செய்தேன், ஒழுங்காக எழுதுகிறாரா என்று.

"வெளிநாடுன்னு போட்டிருக்கே, இவங்கல்லாம் அடிக்கடி வருவாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சேர், ரெண்டு வருஷம் ஆகும்" என்றேன். "இந்த அக்கா இப்பதான் போனாங்க. அடுத்த சித்திரைக்குத்தான் வருவாங்க."

இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது இரண்டு.

சேர் கொழும்பிலிருந்து வந்தார். கண்ணில் தடித்த கண்ணாடி. சுவரில் பட்டியல் ஒட்டியிருப்பதைச் சொன்னேன். பெயர்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெயர்களும் இருந்தனதானே. அவரும் தையல் கடைக்குள்ளால்தான் வருவார், போவார். வெளிச்சுவர்ப் பக்கம் போனதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை சேர் நுவரெலியாவிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். வந்ததும் கதவைச் சாத்தினார். கையில் ஒரு போட்டோகொப்பி.

"இறம்பொடைக் காணி விக்கப்பட்டிருக்கு" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா விற்கமாட்டாரே என்றேன். சேர் தாள்களை மேசையில் வைத்தார். விற்பனை உறுதி. அக்காவின் பெயர், அப்பன் பெயர், காணி விபரம் எல்லாம் இருந்தது. கடைசியில் பெருவிரல் அடையாளம். அக்காவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும். யாரோ ஒருத்தி தன் விரலை மையில் தோய்த்து, இந்தப் பெயர் நான்தான் என்று அழுத்தியிருக்கிறாள். முகம் தெரியாத அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேர் நிதானமான மனிதர். "பதறாதையும். ஒவ்வொண்டாப் பாப்பம்" என்று அலுமாரியைத் திறந்து அக்கா எழுதித் தந்த படிவத்தை எடுத்தார். அவர் போலி உறுதியிலிருந்து வாசிக்க, நான் படிவத்தில் சரிபார்த்தேன். பெயர் சரி. அப்பன் பெயர் சரி. அடையாள அட்டை நம்பர் வந்தபோது, "நில்லுங்க சேர்" என்றேன். நடுவில் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன.

சேரின் முகம் மலர்ந்தது. "ஆ, இதில பிடிபட்டாங்கள்" என்றார். எனக்கும் போன உயிர் திரும்பியது. கள்ளனுக்கு நம்பர் சரியாக எழுதத் தெரியவில்லை என்று இரண்டு பேரும் சிரித்துக்கூட விட்டோம்.

டீக்குப் பால் வாங்க வெளியே போனேன். திரும்பி வரும்போது சுவரைப் பார்த்தேன். சும்மாதான் பார்த்தேன். அக்காவின் பெயருக்கு நேரே, என் முத்து முத்தான எழுத்தில், அந்த இரண்டு எண்களும் இடம் மாறி இருந்தன.

பால் பக்கெட் கையில் இருந்தது. மழை இல்லை. பஸ் ஒன்று மேலே போனது. இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றேன் என்பது மட்டும் ஞாபகம் இல்லை. திருடன் எங்கிருந்து விபரம் எடுத்தான் என்று உள்ளே ஒருவர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். பதில் இங்கே என் கையெழுத்தோடு ஒட்டியிருக்கிறது. அந்தக் கதிரையும், டீயும், என் பேனாவும், அடுத்த சித்திரை என்று நான் சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. வீடு புகுந்து திருடியவன்கூட இல்லை அவன். நான் உட்கார வைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன். பட்டியலைச் சுவரிலிருந்து உரித்தேன். மூலைகள் கிழிந்து பசையோடு நின்றன. சுருட்டிக் குடைக்குள் வைத்து, தலைவலி என்று சேரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தள்ளினால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார், என்ன அது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று பாய்க்கு அடியில் வைத்தேன். நல்ல மனதினால் எரிக்காமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மா எழுந்து போகட்டும் என்று காத்திருந்தேன், அவர் எழுந்து போகவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் போனபோது சேர் முன்தினம் சிரித்த முகமாக இல்லை. போலி உறுதியின் தேதியை அவர் இரவில்தான் கவனித்திருக்கிறார். அக்கா குவைத்துக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் எழுதியதாகத் தேதி போட்டிருந்தது. பதிவுக்குத்தான் பிந்திக் கொடுத்தார்களாம்.

"தேதியைப் பின்னுக்குத் தள்ளி எழுதியிருக்கிறாங்கள்" என்றார். "பாஸ்போர்ட்டைக் காட்டி நான் அப்ப நாட்டில இல்லை எண்டு அந்தப் பிள்ளை சொல்லேலாது. அண்டைக்கு அவ இஞ்சதான் இருந்தவ. நம்பர் பிழை எண்டால் எழுதினவர் கைதவறிப் போச்சுது எண்டுவினம். கைநாட்டு ஏன் எண்டால் அவவுக்குக் கைநோ எண்டுவினம். வழக்கு வருஷக்கணக்கா இழுக்கும். அதுக்குள்ள வாங்கினவன் வீடு கட்டிப்போடுவான்."

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. அந்தப் பிழை நம்பர் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. அக்காவின் அட்டையில் இல்லை, படிவத்தில் இல்லை, கொப்பியில் இல்லை. நான் பட்டியல் எழுதிய அன்றுதான் அது பிறந்தது. அக்கா போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு. அந்த நம்பர் ஒரு உறுதியில் இருக்கிறது என்றால் அந்த உறுதி பட்டியலுக்குப் பிறகு எழுதியதுதான். அக்கா நாட்டில் இல்லாதபோது எழுதியதுதான். அக்காவின் காணியைக் காப்பாற்ற ஒரே சாட்சி என் பாய்க்கு அடியில் கிடந்தது.

சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன், சப்பாத்துக்காரருக்குக் கொடுத்த டீ வரைக்கும். சேர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

"இதில எத்தனை பேற்ற விபரம் இருந்தது?"

"எல்லாரோடதும் சேர்."

"எல்லாற்றையுமோ?" என்றார். பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்து, உள்ளே கொப்பி இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பூட்டினார். ஏன் பார்த்தார் என்று தெரியாது. "என்னை நம்பித் தந்ததுகள், பிள்ளை" என்றார். அந்த ஒன்றுக்குத்தான் நான் அழுதேன்.

அடுத்த பத்து நாளும் நான் தோட்டம் தோட்டமாக நடந்தேன். டயகமப் பக்கம்கூடப் போனேன். உங்கள் விபரம் வெளியே போய்விட்டது, யாராவது எதிலாவது கையெழுத்துக் கேட்டால் வைக்காதீர்கள், வெளிநாட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். ஒருவரும் அதிரவில்லை. அதுதான் என்னை இன்னும் அதிர வைத்தது.

"நம்பர்தானே புள்ள" என்றார் ஒரு பெரியவர். "நாப்பது வருசமா பெரட்டுல கத்துறாங்க. அதுல என்னா இருக்குது?"

அவர் மனைவி வேறு கேள்வி கேட்டார். "லிஸ்ட்டக் கழட்டிட்டீங்களாமே. அப்ப எங்க பேரு வெட்டிப்போச்சா?"

வெட்டவில்லை, உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றேன். அவர் என்னை நம்பவில்லை. திரும்ப எப்போது ஒட்டுவீர்கள் என்று கேட்டார்.

அக்காவுக்குக் கொமியுனிகேஷன் கடையிலிருந்து போன் போட்டுக் காணி விஷயத்தை மட்டும் சொன்னோம். பட்டியலைப் பற்றி நான் சொல்லவில்லை. போன் காசு ஏறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கார மேடத்திடம் அழுது மன்றாடி, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, மிச்சச் சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று வாரத்தில் வந்து நின்றார். வந்த அன்று வீடு நிறையச் சனம், அன்று சொல்லவில்லை. மறுநாள் பொலிசுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது தங்கச்சி" என்றார். அப்போதும் சொல்லவில்லை.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைச் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். அக்காவுக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும். சேருக்கு நன்றாகத் தெரியும், அவர் பேசுவார் என்று நம்பியிருந்தேன். அவர் சுவரோரத்து வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டு, "எழுதினது நீர். நீர்தான் சொல்லவேணும்" என்றார்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் பட்டியலை விரித்து வைத்தேன். போலி உறுதியைப் பக்கத்தில் வைத்தேன். நம்பரைக் காட்டினேன். இந்தப் பிழையை நான்தான் செய்தேன், இந்தத் தேதியில் செய்தேன், இதை வெளிச்சுவரில் ஒட்டினேன், ஒரு ஆள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார், நான் விட்டேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ சரியாக எழுதியிருந்தால் இந்த அம்மாவின் காணி போயே போயிருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நான் எழுதாமலே இருந்திருந்தால் காணிக்கு ஒன்றும் வந்திருக்காது.

அந்தப் பட்டியலையும் என் வாக்குமூலத்தையும் வைத்துத்தான் பிறகு நீதிமன்றத்தில் வாங்கியவரைக் கட்டடம் கட்டவிடாமல் நிறுத்தினார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது, ஆனால் காணி அக்காவுக்கே வந்தது. சேர் அந்த வருடமே அறையைப் பூட்டிவிட்டார். படிவங்களை ஒவ்வொருவர் கையிலும் தானே திருப்பிக் கொடுத்தார். சப்பாத்துக்காரர் அகப்படவே இல்லை.

அன்றைக்குப் பொலிசில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அதிகாரி சிரித்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அவரு ஏன் ஒன்னயப் பாத்துச் சிரிக்கிறாரு? நீ என்னா சொன்னே?"

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சேர் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களத்தில் சொன்னதையெல்லாம் ஒன்றும் விடாமல் தமிழில் திருப்பிச் சொன்னேன். அக்காவுக்குப் புரிய நேரம் எடுத்தது.

"என் நம்பரையா செவுத்துல ஒட்டுனே?"

"ஆமாக்கா."

"நான் வெளிநாட்டுல இருக்கேன்னும் எழுதியிருந்தியா?"

"ஆமாக்கா."

"நான் எப்ப வருவேன்னு அந்தாளு கேட்டானா?"

"அவரு கேக்கல அக்கா. நானாத்தான் சொன்னேன்."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அழவில்லை. மெதுவாகச் சொன்னார். "அங்க அந்த வீட்டுல போனதுமே பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டாங்க. என் பையக் கொட்டிப் பாப்பாங்க. ஐடி நம்பரையும் உறுதி நம்பரையும் ஒரு துணியில எழுதி உள்பாவாடையில வச்சுத் தச்சிருந்தேன். குளிக்கப் போறப்பகூடக் கழட்டி வெளிய வைக்க மாட்டேன்."

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை என்னிடம் தள்ளினார். அந்த அம்மாவின் பெயர், முகவரி, அடையாள அட்டை நம்பர், உறுதி நம்பர் எல்லாவற்றையும் கேட்டு எழுதித் தா என்றார். பேனாவைத் திறந்து, பழக்கத்தில், "சொல்லுங்கக்கா" என்றேன்.

அக்கா சொல்லவில்லை. என் கைக்கடியிலிருந்து தாளை இழுத்தார். பேனாவையும் வாங்கிக்கொண்டார். மேசையில் குனிந்து, ஐந்தாம் வகுப்பு எழுத்தில், ஒவ்வொரு எண்ணாக எழுத ஆரம்பித்தார். அவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள், பின்னால் முறைப்பாட்டுக்கு வந்த சனம் நின்றது. அவர்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நான் நின்ற பக்கமாக இடது கையை வளைத்து வைத்து, தாளை மறைத்துக்கொண்டு எழுதினார்.